விடுதிக்காரம்மாவுக்கு ஒரு முக்காலி

சின்னவள் பகலில் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். மாலையில் கேம் செய்பவள். கேம் என்றதும் துப்பாக்கி, கார் பந்தயம் என்று நினைத்துவிட வேண்டாம். இது சாகச விளையாட்டு. திரையில் ஒரு வீடு இருக்கும், அதற்குள் ஒரு பெண் நடப்பாள். கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துப் பையில் போட்டுக்கொள்வாள். எடுத்ததை எங்கேயாவது பயன்படுத்திப் பூட்டிய கதவைத் திறப்பாள். சுடுவதும் இல்லை, சாவதும் இல்லை, மூளையைக் கசக்கினால் போதும். இப்படிக் கசக்கிக்கொள்வதற்கென்றே ஒரு கூட்டம் இணையத்தில் மன்றம் வைத்து நடத்துகிறது.

அந்த மன்றத்தில் யாருக்கும் இதனால் ஒரு காசு வருமானம் கிடையாது. வேலை முடிந்து வந்து, வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டே செய்கிறவர்கள். 'ஆமை' என்று ஒருவர், பல் வைத்தியர். வருஷக்கணக்காக ஒரே கேமைச் செய்துகொண்டிருக்கிறார், அவருடைய கதாநாயகன் இன்னும் முதல் அறையைவிட்டு வெளியே வரவில்லை. ஆனால் அடுத்தவர் கேமில் குறை கண்டுபிடிக்க அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. 'மீசை' என்று ஒருத்தி, ஆமாம், பெண்தான், எல்லோருக்கும் படம் வரைந்து கொடுப்பவள். சின்னவளுக்கு அங்கே 'கொக்கி' என்று பெயர். அவள் போடும் புதிர் ஒவ்வொன்றிலும் ஒரு கொக்கி இருக்குமாம். யாராவது அப்படி எழுதிவிட்டால் அன்றைக்கு முழுக்க அவளுக்கு உச்சி குளிர்ந்திருக்கும்.

ஆண்டுக்கொரு முறை மன்றத்தில் போட்டி நடக்கும். அதில் சேர ஒரு விதி உண்டு, 'வாய்ப்பூட்டு' என்பார்கள். இந்த மாதிரி கேமைத் தொட்டே பார்க்காத ஒருவர் தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஆடி முடிக்க வேண்டும். செய்தவர் பின்னால் உட்கார்ந்து பார்க்கலாம், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது. உச்சுக் கொட்டக் கூடாது, தொண்டையைக்கூடச் செருமக் கூடாது. பேசினால் சோதனை செல்லாது. 'யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?' என்று கேட்கலாம். யாரும் பார்க்கப் போவதில்லைதான். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அந்தக் கூட்டம் பொய் சொல்லாது.

நாலு வருஷமாகச் சின்னவள் ஒரே கேமைச் செதுக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வருஷமும் "இந்தத் தடவை கண்டிப்பா" என்பாள், ஒவ்வொரு வருஷமும் போட்டி அவள் இல்லாமலே முடியும். ஆமைக்குத் தங்கச்சி என்று கிண்டல்கூட ஆரம்பித்துவிட்டது. இந்த வருஷம் ஒருவழியாக எல்லாம் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை போட்டி மூடுகிறது, அதற்குள் ஒரு ஆள் ஆடி முடிக்க வேண்டியதுதான் பாக்கி.

அண்ணன், "நான் ஆடித் தரேன்" என்று முன்வந்தான். ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவன், சின்ன வயதில் அவளோடு உட்கார்ந்து இதையெல்லாம் ஆடித் தீர்த்தவன். அதனால் அவன் செல்லாது. மிச்சம் இருந்தது அண்ணி.

அண்ணி இந்த வீட்டுக்கு வந்தும் ஏறக்குறைய நாலு வருஷம்தான். பெரிய துணிக்கடை ஒன்றில் விற்பனைக்கு நிற்பவள். இருவருக்கும் சண்டை என்று சொல்ல முடியாது, ஒட்டுதல் என்றும் சொல்ல முடியாது, தாமரை இலைத் தண்ணீர். வெள்ளிக்கிழமை அவளுக்கு விடுமுறை. சின்னவள் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, துணி மடித்துக்கொண்டிருந்தவள் "எனக்கு அதெல்லாம் தெரியாதே" என்றாள். தெரியாததுதான் வேண்டும் என்றதும் சிரித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அறையில் இருப்பது ஒரே நாற்காலி. அதில் அண்ணியை உட்கார வைத்துவிட்டு, சின்னவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டாள்.

அண்ணி ஆடிய அழகை மன்றத்தில் யாராவது பார்த்திருந்தால் மயக்கம் போட்டிருப்பார்கள். கேமில் வரும் பெண் தன் தொலைந்துபோன பெட்டியைத் தேடி ஒரு பழைய விடுதிக்கு வருகிறாள். அண்ணி பெட்டியைத் தேடவே இல்லை. ஒழுகுகிற குழாயை முதலில் மூடினாள். வாசலில் தாறுமாறாகக் கிடந்த செருப்புகளை அடுக்கப் பார்த்தாள், கேம் விடவில்லை. "என்ன வீடு இது, கூட்டிப் பெருக்க ஆளில்லையா?" என்று முணுமுணுத்தாள். சின்னவள் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். முதல் இரண்டு கதவையும் அண்ணி எப்படியோ திறந்தும்விட்டாள்.

அப்புறம் மாடிப்படி. படிக்குக் குறுக்கே விடுதிக்காரம்மா நிற்கிறாள், இடுப்பில் சாவிக்கொத்து. அவளைத் தாண்டினால்தான் பெட்டி. இதற்கான வழி மன்றமே மெச்சிய வழி: குடைக்கம்பியை வளைத்துக் கொக்கியாக்கி, அதன் நுனியில் ஃபிரிட்ஜ் கதவிலிருந்து பிடுங்கிய காந்தத்தைக் கட்டி, படியோரச் சுவரில் உள்ள மாடத்திலிருந்து நூலில் இறக்கிச் சாவியைக் கவ்வ வேண்டும். கொக்கி என்ற பெயர் அவளுக்கு நிலைத்ததே இந்தப் புதிரால்தான்.

அண்ணி குடையைத் திரும்பியும் பார்க்கவில்லை. விளக்கை எட்டி எடுப்பதற்காகப் பையில் வைத்திருந்த முக்காலியை எடுத்தாள். விடுதிக்காரம்மாவிடம் நீட்டினாள்.

சின்னவளுக்கு அப்போதுதான் அது ஞாபகம் வந்தது. எதை எதன்மேல் பயன்படுத்தினாலும் கேம் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும், அதுதான் இந்தக் கூட்டத்துக்குக் கௌரவம். நூற்றுக்கணக்கான பதில்களை யார் உட்கார்ந்து எழுதுவது? அப்போதைக்கு வாயில் வந்ததை எழுதி வைப்பார்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று. இந்தப் 'பிறகு' என்பதை நம்பிக் கெட்டவர்கள் மன்றத்தில் நிறையப் பேர். ஈரத் துண்டை நாற்காலியில் போட்டதற்காக அண்ணி அவளைப் பிடிபிடியென்று பிடித்த ஒரு சாயங்காலம், கோபத்தோடு வந்து உட்கார்ந்து, முக்காலிக்கான பதிலை எழுதிவைத்தது சின்னவள்தான். எழுதியதையே இதுவரை மறந்தும்போயிருந்தாள். மன்றத்துக்காரர்கள் ஆடிப் பார்த்தபோது யார் கண்ணிலும் அது படவில்லை. வழியை மறிக்கிறவளுக்கு உட்கார இடம் கொடுக்க அவர்களுக்கு என்ன பைத்தியமா?

திரையில் விடுதிக்காரம்மா சொன்னாள்: "நான் உக்காந்தா இந்த வீடே உக்காந்துடும்."

அது அண்ணியின் வாக்கியம். வாரத்துக்கு நாலு தடவையாவது அந்த வீட்டில் கேட்கிற வாக்கியம். அதற்குக் கேமின் பெண், மீசை வரைந்த சின்னவளின் அதே முகத்தோடு, அதே கறுப்புச் சட்டக் கண்ணாடியோடு, பதில் சொன்னாள்: "உக்காந்தா கால்தான் ஓயும், வாய் ஓயாது."

அண்ணியின் கை மவுசின்மேல் அப்படியே நின்றது. சின்னவளுக்கு வெட்கத்தில் காதெல்லாம் சுட்டது. அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். விதி விதி என்று கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தாள். விதியாம் விதி. பயம், வேறொன்றும் இல்லை.

அண்ணி மறுபடி முக்காலியை நீட்டினாள். அதே பதில். மூன்றாம் முறையும் நீட்டினாள்.

"இந்தம்மா உக்காரவே மாட்டாங்களா?" என்றாள், திரும்பாமல்.

சின்னவள் கட்டில் விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓ, நீ பேசக் கூடாதுல்ல." அண்ணி எழுந்தாள். "அவங்கள நிக்க வச்சிட்டு என்னால மேல போக முடியாது. வேற யாரையாவது பாத்துக்க."

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அண்ணி எல்லோரிடமும் எப்போதும்போலப் பேசினாள். கடைக்கு வந்த புதுச் சரக்கைப் பற்றி, தண்ணீர் வராததைப் பற்றி. ஒரு திட்டுக்கூட இல்லை. திட்டியிருந்தால் சின்னவளுக்குச் சோறு இறங்கியிருக்கும்.

மறுநாள் கடையில் ஒரு லென்ஸைக் கோணம் மாற்றித் தேய்த்துப் பாழாக்கினாள். பில் போடும் பெண் என்னவென்று விசாரித்து, விஷயம் இவ்வளவுதான் என்று தெரிந்ததும், தான் இதெல்லாம் ஆடியதே இல்லை, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றாள். பிரச்சினை தீர்ந்தது. வீட்டுக்குப் போய் அந்தப் பதிலை அழித்துவிட்டால் போதும், போட்டிக்குள் நுழைந்துவிடலாம்.

போய் அழித்தாள். ஆனால் அழித்த இடத்தில் வேறொரு பதில் எழுத வேண்டுமே. "வேண்டாம்" என்று எழுதினாள். "எனக்கு நிற்பதுதான் பிடிக்கும்" என்று எழுதினாள். இரண்டும் அவளுக்கே பச்சைப் பொய்யாகப் பட்டன. எழுந்து வெளியே போனாள்.

அண்ணி அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலில் நின்றபடி மற்றொரு காலின் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பாதம் வீங்கிச் செருப்பு வார் பதிந்திருந்தது.

"அண்ணி, அது உங்கமேல இருந்த கோவத்துல எழுதினது. தப்புதான். மன்னிச்சிருங்க."

அண்ணி இன்னொரு செருப்பையும் கழற்றினாள்.

"நான் அப்படித்தான் பேசறேன், பொய்யா எழுதிட்ட? நாள் பூரா கடையில நிக்கறேன். கொஞ்சம் சாஞ்சாலும் சூப்பர்வைசர் முறைக்கிறான். கால்வலி வாய் வழியாத்தான் வரும், வேற எந்த வழியா வரும்?" என்றாள். பிறகு, "அது போகட்டும். அந்தப் பொண்ணு கையில முக்காலி இருந்துச்சு. நான் நீட்டச் சொல்லியும் குடுக்காம பதிலுக்குப் பேசுச்சு பாரு, அதுதான் எனக்கு அழுகையா வந்துச்சு" என்றாள்.

சின்னவள் அறைக்குப் போய் மீசைக்கு எழுதினாள்: விடுதிக்காரம்மா உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு படம் வேண்டும், நாளைக்குள். நாலு வருஷத்தில் அப்படி ஒரு படமே இருவரும் வரைய நினைத்ததில்லை. நடக்கிற படம் உண்டு, முறைக்கிற படம் உண்டு, சாவியை ஆட்டுகிற படம்கூட உண்டு. கடைசி நேரத்தில் இதென்ன கூத்து என்று மீசை கத்திவிட்டு வரைந்து அனுப்பினாள். சின்னவள் குடைக்கம்பி, காந்தப் புதிரையே எடுத்துக் குப்பையில் போட்டாள், குடை மட்டும் மிஞ்சியது. இப்போது முக்காலியைக் கொடுத்தால் விடுதிக்காரம்மா அதே வாக்கியத்தைத்தான் சொல்வாள். பெண்ணின் பதில்தான் வேறு: "உக்காந்தா உக்காரட்டும். நான் பாத்துக்கறேன்." அவள் உட்காருவாள். இடுப்பில் உறுத்துகிற சாவிக்கொத்தைக் கழற்றித் தரையில் வைப்பாள், வழியும் சாவியும் கிடைத்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை பில் போடும் பெண் வந்தாள். கெட்டிக்காரி, முதல் இரண்டு கதவும் சட்டென்று திறந்தன. மாடிப்படியில் வந்து மாட்டிக்கொண்டாள். சாவிக்கொத்தைப் பிடுங்கப் பார்த்தாள். குடையால் விடுதிக்காரம்மாவைக் குத்திப் பார்த்தாள். மீன் தொட்டித் தண்ணீரைப் படியில் ஊற்றி வழுக்கிவிடப் பார்த்தாள். பையில் முக்காலி கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. கட்டில் ஓரத்தில் சின்னவள் கை விரல்களைப் பிசைந்துகொண்டு, முக்காலி முக்காலி என்று மனசுக்குள் கத்தினாள். ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது, யாருக்கும் தெரியப் போவதில்லை. சொல்லவில்லை. வெளியே இருட்டியது, போட்டி மூடியது, விடுதிக்காரம்மா நின்றுகொண்டே இருந்தாள். பில் போடும் பெண்ணை வழியனுப்பிவிட்டு வந்து சின்னவள் கொஞ்ச நேரம் அழுதாள். நாலு வருஷ உழைப்பு, அழாமல் என்ன செய்வாள்.

போட்டியில் சேராவிட்டால் என்ன, வைத்துக்கொண்டு பூஜையா செய்வது என்று மறுநாளே கேமை மன்றத்தில் எல்லோருக்கும் போட்டுவிட்டாள். அன்றிலிருந்து ஒரே புலம்பல். எல்லோரும் மாடிப்படியிலேயே நிற்கிறார்கள். காந்தப் புதிரை ஏன் எடுத்தாய் என்று கேட்டு ஒரு சண்டை நடந்தது. அந்த அம்மாளைத் தள்ளிவிட ஏதாவது பட்டன் உண்டா என்று ஒருவர் கேட்டிருந்தார்.

அண்ணி வேலை முடிந்து வந்தவள், அறை வாசலில் நின்று, என்ன சொல்கிறார்கள் உன் ஆட்கள் என்று விசாரித்தாள். சின்னவள் எழுந்து நாற்காலியை விட்டாள். அண்ணி உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். சின்னவள் நின்றபடியே ஆமை எழுதியதை வாசித்துக் காட்டினாள். ஒருவழியாக நேற்றுத்தான் முக்காலியைக் கொடுத்துப் பார்த்தாராம். இத்தனை வருஷமாக இந்தக் கேம்களை ஆடுகிறேன், இவ்வளவு கஷ்டமான புதிரைப் பார்த்ததில்லை, நிற்கிற ஒருத்தியை உட்காரச் சொல்ல வேண்டும் என்று யாருக்கய்யா தோன்றும், ஏதாவது குறிப்பு வைத்திருக்கக் கூடாதா என்று எழுதியிருந்தார்.

அண்ணி வாய்விட்டுச் சிரித்தாள்.

"கூடவே இருந்த உனக்கே நாலு வருஷம் ஆச்சு," என்றாள். "அவங்களுக்கு ஒரு வாரமாவது குடு."