பதினான்கு 'இறுதி'கள்

அன்று காலை அந்த வரைபட அலுவலகத்தில் இருந்தவர்கள் நான்கு பேர்: அலுவலகத்தை நடத்தும் அக்கா, அவருடைய தம்பி, அக்கா மகளைக் கட்டிய மாப்பிள்ளை, வீட்டுப் பிளானைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி வந்த மேஸ்திரி. வேறு ஈ காக்கை கிடையாது. நானும் இருந்தேன் என்று கிளம்புகிறவர்களை நம்ப வேண்டாம்.

மேஸ்திரி தாளை மேசையில் விரித்தார். "இந்தப் படிக்கட்டை வச்சா வீட்டுக்காரர் நேரா சுவத்துலதாம்மா ஏறணும். கம்பி கட்ட ஆளுங்க நிக்கிறாங்க. அரை மணி நேரத்துல சரியான படம் வரலேன்னா வேற ஆபீஸ் பாத்துக்கறேன்னுட்டாரு."

தாளின் மூலையில் அக்காவின் அப்பா பெயர் அச்சாகியிருந்தது. நாற்பது வருடமாக அந்தப் பெயருக்கு மேலே ஒரு கோடு கோணியதில்லை.

வேறு கட்டடத்துப் படிக்கட்டுப் படத்தை அனுப்பியவர் மாப்பிள்ளை. ஆனால் மாப்பிள்ளையை நேரில் ஒரு வார்த்தை சொல்வது அந்தக் குடும்பத்தில் இல்லை. ஏச்செல்லாம் தம்பியின் தலையில்தான் விடியும்.

"ஏண்டா, சரியான படத்தை எடுக்கச் சொல்லு."

"இதோ அத்தை, ஒரே க்ளிக்," என்றார் மாப்பிள்ளை.

எதையும் தேடிப் போகப் பிடிக்காத மனிதர். புது வேலை வந்ததும் அதன் கடைசி ஃபோல்டரை, ஒரே க்ளிக்கில் திறக்கும்படி, திரையின் இடது ஓரத்தில் பின் செய்து வைத்துவிடுவார். அது உள்ளே எங்கே இருக்கிறது என்று கேட்டால் முழிப்பார். அக்கா போட்ட முறை வேறு. வருடம், அதற்குள் சொந்தக்காரர், அதற்குள் கட்டடம், அதற்குள் 'இறுதி'. எல்லாக் கட்டடத்துக்கும் கடைசி ஃபோல்டர் அதே பெயர்தான். வழியோடு போகிறவருக்குக் குழப்பமே வராது. மாப்பிள்ளையின் ஓரத்தில் வழி ஏது? கடைசிப் பெயர் மட்டும்தான் தெரியும். 'இறுதி', 'இறுதி' என்று பதினான்கு வரிசைகட்டி நின்றன.

ஒன்றைத் திறந்தார். ஆஸ்பத்திரி. இன்னொன்று, கிடங்கு. மூன்றாவதாகத் திறந்தது மறுபடி அதே ஆஸ்பத்திரி.

"ஒரே க்ளிக்கா, பதினாலு க்ளிக்கான்னு கேளுடா."

"அவருக்கே காது கேக்குதுக்கா," என்றான் தம்பி.

மேஸ்திரி சிரிப்பை மீசைக்குள் அடக்கினார். "இப்படி அனுப்பினது யாரும்மா? வீட்டுக்காரர் கேப்பாரு."

மாப்பிள்ளையின் காது சிவந்தது. அக்கா எழுந்தார்.

"ஆபீஸ் அனுப்பிச்சுது. தப்பு ஆபீஸோடது. அப்படியே சொல்லுங்க."

சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். வருடம், சொந்தக்காரர், கட்டடம், இறுதி. பிரிண்ட் வந்ததும் அடிக்கோலை வைத்துப் படிக்கட்டை ஒருமுறை அளந்து, கையெழுத்திட்டு நீட்டினார். மேஸ்திரி சிரிக்காமல் வாங்கிக்கொண்டு போனார்.

கதவு சாத்தியதும் மாப்பிள்ளை மெல்ல ஆரம்பித்தார். "பேரையும் கொஞ்சம் மாத்தலாம் அத்தை. எல்லாமே இறுதின்னு இருந்தா..."

அக்கா தம்பியைப் பார்த்தார். "தெருப்பேரு பாக்காம யார் வீட்டுக்குள்ளயோ நுழைஞ்சுட்டு, கதவெல்லாம் ஒரே மாதிரி இருக்குன்னு குறை சொன்னா எப்படிடா? அந்தப் பின்னையெல்லாம் எடுக்கச் சொல்லு."

பதினான்கையும் மாப்பிள்ளை ஒவ்வொன்றாக எடுத்தார்.

அந்த வீட்டுப் படிக்கட்டு சுவரில் முட்டியது, இடித்துவிட்டுத் திரும்பக் கட்டினார்கள் என்று வெளியில் ஒரு பேச்சு இருக்கிறது. பொய். கம்பி கட்டும் முன்பே சரியான படம் போய்ச் சேர்ந்தது. ஒரு செங்கல்கூட இடிபடவில்லை.