பசையம்மாவைப் பிடியுங்கள்!

சலவைக்கடைக்காரர்களுக்கு வாடிக்கையாளரின் பெயர் நினைவில் நிற்காது, கறைதான் நிற்கும்.

அந்தக் கடையில் அண்ணன் துவைப்பான். அண்ணி இஸ்திரி போடுவாள். முன்மேசையில் உட்கார்ந்து துணி வாங்குவதும், வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பட்டப்பெயர் வைப்பதும் அண்ணனின் தங்கை. அவளுக்கே வீட்டில் வாயாடி என்றுதான் பெயர். சட்டைப்பையில் பேனா கசிந்து வரும் வாத்தியார் அவளுக்கு 'நீலப்பை'. காலர் முழுக்கத் தலைச்சாயம் அப்பிக்கொள்ளும் வங்கிக்காரர் 'இளமை'. வாரம் தவறாமல் முழுக்கைச் சட்டைகளைக் கொண்டுவரும் சின்ன உருவ அம்மாள் 'பசையம்மா'.

அந்த அம்மாளின் சட்டைக் கைகளில் எப்போதும் ஒரு வெள்ளைப் பசை காய்ந்து செதில் செதிலாக ஒட்டியிருக்கும். சுவருக்குக் காகிதம் ஒட்டுகிற வேலை போலும் என்று மூவரும் முடிவுகட்டியிருந்தார்கள்.

"என்னம்மா, சுவத்துக்குக் கொஞ்சம் மிச்சம் வைக்கக் கூடாதா? எல்லாத்தையும் சட்டையிலேயே ஒட்டிக்கிட்டு வந்துடுறீங்க" என்பாள் வாயாடி.

அந்த அம்மாள் சிரிப்பார், மறுக்க மாட்டார். களைத்த முகம். அண்ணி ஒரு நாற்காலியை இழுத்துப் போடுவாள். அதில் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். அண்ணனும் அந்தச் சட்டைகளை மட்டும் இயந்திரத்தில் போடுவதில்லை. வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, கட்டைவிரலால் பசையை வழித்து எடுப்பான். பாவம், உழைக்கிற கை என்று அவனுக்கு ஒரு கரிசனம்.

அந்தக் கடையில் எதைப் பற்றியும் பேசலாம், ஒன்றைத் தவிர. வாயாடிக்கு வலிப்பு உண்டு. அந்தச் சொல் வாசல் தாண்டக் கூடாது என்பது அண்ணன் போட்ட சட்டம். தெரிந்தால் நாலு பேர் அவளை வேறு கண்ணால் பார்ப்பார்களே என்று பயம். லேசாக வந்தால் பின்னறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிடுவான். யாராவது விசாரித்தால், "ஒண்ணுமில்லைங்க, மயக்கம்" என்பான். அன்பால் செய்ததுதான். அன்பும் சில நேரம் தப்பான கதவைச் சாத்திவிடுகிறது.

சென்ற மாதம் வந்தது லேசானது அல்ல. ஆரம்பித்த வலிப்பு நிற்கவே இல்லை. பக்கத்து ஆஸ்பத்திரியில் ஊசிமேல் ஊசி போட்ட பிறகுதான் அடங்கியது. அவசரப் பிரிவு டாக்டர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"இந்தத் தடவை தப்பிச்சாச்சு. இப்படி நிக்காம நீளுற வலிப்பு உயிரையே கொண்டுபோயிடும். வலிப்புக்குன்னே இருக்கிற ஸ்பெஷலிஸ்ட் கையில சீக்கிரம் ஒப்படைங்க" என்றவர், பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கும் ஒரு டாக்டரின் பெயரையும் சொன்னார்.

அன்று பிடித்த ஓட்டம். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்தால், அந்த டாக்டரைப் பார்க்க நாலு மாதம் ஆகும் என்றார்கள். நாலு மாதம்! அதற்குள் இன்னொன்று வந்துவிட்டால்? வேறு யாராவது அகப்படுவார்களா என்று அண்ணன் அலைந்தான். நரம்பு டாக்டர் என்ற பலகையை நம்பி ஏறிய இடத்தில் இருந்தவர் முதுகெலும்பை அறுத்துத் தைப்பவர். அடுத்தவர் தலைவலிக்கு மட்டும் பேர்போனவர். மூன்றாமவர் நல்ல மனிதர். தனக்கு இது போதிய பழக்கமில்லை என்று ஒளிக்காமல் சொல்லி, மூளை அலைப் பரிசோதனையையாவது எடுத்துவைத்துக்கொள்ளச் சொன்னார்.

"டாக்டர் கண்காட்சி முடிஞ்சுதா அண்ணா, இன்னும் இருக்கா?" என்று கேட்டாள் வாயாடி. ஆனால் யாரும் பார்க்காதபோது அவள் மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொள்வதை அவன் கவனித்திருந்தான்.

பரிசோதனை நாளன்று கடையை அண்ணியிடம் விட்டுவிட்டு அண்ணன்தான் துணைக்குப் போனான். வாயாடியைப் படுக்கவைத்து, ஓர் இளம்பெண் அவள் தலைமுடியை வகிடு வகிடாகப் பிரித்து ஒயர்களை ஒட்டத் தொடங்கினாள்.

"தலை முழுக்க ஒயர் நட்டுட்டீங்க. பாட்டு கேக்குமா?"

"கேக்கும். நீங்க பேசாம இருந்தா" என்றாள் அந்தப் பெண். பிறகு அண்ணனிடம், "இந்த டப்பாவைக் கொஞ்சம் பிடிங்க சார்" என்று நீட்டினாள்.

டப்பாவை வாங்கியபோது விளிம்பில் இருந்த பசை அவன் கையில் ஒட்டியது. பழக்க தோஷத்தில் கட்டைவிரலால் வழித்தான். விரல் அப்படியே நின்றுவிட்டது. மறுபடி தேய்த்துப் பார்த்தான். மூக்கருகே கொண்டுபோனான்.

"ஏம்மா, இது நம்ம பசை!"

"உங்க பசையா? இது கம்பெனியில வர்றது சார்."

"பச்சைத் தண்ணியில இழுபடும், வெந்நீர்ல விட்டுப்போகும், காஞ்சா செதில் செதிலா உதிரும். அதுதானே?"

"அதேதான். நீங்களும் இந்த வேலையா சார்?"

"நான் துணி வெளுக்கிறவன்மா! இந்தப் பசையைச் சட்டை நிறைய அப்பிக்கிட்டு வர்ற ஒரு அம்மாவை உனக்குத் தெரியுமா? சின்ன உருவம், நரைச்ச முடியைக் குட்டையா வெட்டியிருப்பாங்க, கண்ணாடி கயித்துல தொங்கும்..."

இளம்பெண்ணின் முகம் மலர்ந்தது. "எங்க டீச்சர்! எனக்கு ஒயர் ஒட்டக் கத்துக்கொடுத்ததே அவங்கதான். பெரிய ஆஸ்பத்திரியில வலிப்பு டாக்டர். நோயாளி தலையில ஒரு ஒயர் கழண்டாலும் யாரையும் ஏவ மாட்டாங்க, தானே ஒட்டுவாங்க. சட்டைக் கையை மடிச்சுக்குங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன், கேட்டாத்தானே?"

அவள் அந்த டாக்டரின் பெயரைச் சொன்னாள். அவசரப் பிரிவில் சொன்ன அதே பெயர்!

அண்ணனுக்குக் கால் தரையில் பாவவில்லை. யாரைப் பார்க்க நாலு மாதம் காத்திருக்க வேண்டுமோ, அவருடைய சட்டைகள் இந்த நிமிடம் அவன் கடை அலமாரியில் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. இன்று அவற்றை வாங்கிப்போக அவரே வருகிற நாள்!

"அண்ணா," என்றது படுக்கையிலிருந்து ஒரு குரல், உதடு அசையாமல். "நான் அவங்களைச் சுவர் ஒட்டுறவங்கன்னு கிண்டல் பண்ணேனே."

"அசையாதீங்க!"

"அசையல. அழுறேன்."

"அழுதாலும் அலை கெட்டுப்போகும்."

அந்த அறைக்குள் கைப்பேசி கூடாது. பரிசோதனை முடியும்வரை அண்ணன் தனக்குத் தெரிந்த பிரார்த்தனைகளையெல்லாம் சொல்லி முடித்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினான். முடிந்ததும், தலையைக் கழுவி விடுகிறேன் என்ற பெண்ணுக்குக் கும்பிடு போட்டுவிட்டு, பசைத் தலையோடு தங்கையை இழுத்துக்கொண்டு பேருந்தில் ஏறினான். கடைக்கு ஃபோன் போட்டான், அண்ணி எடுக்கவில்லை. இஸ்திரிப் பெட்டி கையில் இருந்தால் அவளுக்கு உலகமே கிடையாது. கடைத்தெரு நெருங்கும்போதுதான் எடுத்தாள்.

"பசையம்மா வந்தாங்களா?"

"இப்பத்தாங்க வாங்கிட்டுப் போனாங்க. ஏன், சட்டையை மாத்திக் கொடுத்துட்டேனா?"

"பிடி அவங்களை! அவங்கதான் டாக்டர்!"

"யாருக்கு டாக்டர்?"

"நமக்குத்தான்!"

"அண்ணா, அங்க பாரு!" என்று வாயாடி சன்னலில் தட்டினாள். சாலைக்கு எதிர்ப்புறம், கையில் சட்டைக் கட்டோடு, அந்த அம்மாள் வேறொரு பேருந்தில் ஏறிக்கொண்டிருந்தார்.

நிறுத்தத்தில் குதித்து, சாலையைக் கடந்து அண்ணன் ஓடினான். கதவு மூடிக்கொண்டது. பேருந்து நகர்ந்தது. "பசையம்மா! பசையம்மா!" என்று கத்தினான். கண்ணாடிக்குள் யாருக்குக் கேட்கும்? ஓட்டுநர், பேருந்தைத் தவறவிட்ட எத்தனை பேரைத் தினம் பார்க்கிறாரோ, திரும்பவே இல்லை. தெருவெல்லாம் தெரிந்த முகங்கள். தையல்கார மாமா கத்தரிக்கோலோடு வாசலுக்கு வந்துவிட்டார். இத்தனை வருடம் அண்ணன் பூட்டி வைத்த சொல் ஒன்றுதான் அந்தப் பேருந்தை நிறுத்தும்.

"வலிப்பு!" என்று பேருந்தின் பக்கத்தைத் தட்டிக்கொண்டே ஓடி அடிவயிற்றிலிருந்து கத்தினான். "என் தங்கச்சிக்கு வலிப்பு! நிக்காத வலிப்பு! டாக்டர்!"

தெரு உறைந்து நின்றது. உள்ளே அந்த அம்மாள் எழுந்து கை காட்ட, பேருந்தும் நின்றது. கதவு முழுதாகத் திறப்பதற்குள் அந்த அம்மாள் வெளியே பாய்ந்தார். சட்டைகள் படியில் விழுந்தன.

"எங்கே? எப்ப ஆரம்பிச்சது?"

அண்ணன் மூச்சிரைக்க நின்றான். "போன... மாசம்."

பேருந்துக்குள் யாரோ சிரித்தார்கள். ஓட்டுநர் தலையை நீட்டி, "யோவ், போன மாசத்து வலிப்புக்கா இந்த ஓட்டம்?" என்றார். சொன்னாரே தவிர, தானே இறங்கி வந்து விழுந்த சட்டைகளைத் தூசி தட்டி அந்த அம்மாளிடம் கொடுத்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். நல்ல மனிதர்கள் பலர் இப்படித்தான், திட்டிக்கொண்டே உதவி செய்கிறார்கள்.

அதற்குள் வாயாடியும் ஓடி வந்தாள். டாக்டர் அவள் தலையிலிருந்த வெள்ளைத் திட்டுகளைப் பார்த்தார். ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"நீயா?" என்றார் மெதுவாக. "இத்தனை நாள் உன் எதிர்லதானே உட்கார்ந்திருந்தேன்." பிறகு அண்ணனிடம் திரும்பினார். "எங்க ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணலையா?"

"பண்ணேங்க. நாலு மாசம்னாங்க."

"இருக்காதே. நிக்காத வலிப்புன்னா அதுக்குத் தனி வரிசை. அந்த வாரமே கூப்பிட்டிருப்பாங்க. என்னன்னு சொன்னீங்க?"

அண்ணன் தலை குனிந்தான். "மயக்கம்னு சொன்னேங்க."

வாயாடி ஏதோ சொல்ல வாயைத் திறந்து, அண்ணன் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள். அவள் சொல்லாமல் விட்ட பேச்சுகள் குறைவு. அது அவற்றில் ஒன்று.

டாக்டர் கோபிக்கவில்லை. "நானும் உங்ககிட்ட மறைச்சவதான். டாக்டர்னு சொன்னா எங்கேயும் நிம்மதியா உட்கார விடமாட்டாங்க. அந்த நாற்காலி எனக்கு வேணும்னு இருந்தது. சரி, நாளைக்குக் காலையில வாங்க. சலுகைன்னு நினைக்காதீங்க. அந்த வரிசையில உங்களுக்கு எப்பவோ இருக்க வேண்டிய இடம்."

மறுநாள் காலை, டாக்டர் அறையில், நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னார். அண்ணன் சொன்னான். கண் எந்தப் பக்கம் செருகியது, எந்தக் கை முதலில் வெட்டியது, உதடு எப்போது நீலம் பாய்ந்தது என்று எல்லாவற்றையும் சொன்னான். பக்கத்தில் இருந்த வாயாடி அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். வலிப்பு வரும்போது தனக்கு என்னவெல்லாம் ஆகிறது என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. அதுவரை யாரும் அவளிடம் சொன்னதில்லை.

"அப்ப என் கையைப் பிடிச்சிருந்தியா அண்ணா?"

"பிடிச்சிருந்தேன்."

"அதான் அன்னைக்கு விரல் வலிச்சுது" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

டாக்டர் மாத்திரைகளை மாற்றினார். "முழுசா போயிடும்னு இன்னைக்கே சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா நீளவிடாம மடக்க வழி இருக்கு" என்று மூக்கில் அடிக்கும் சின்ன மருந்துக் குப்பி ஒன்றைக் காட்டினார். எப்போது அடிப்பது, எப்படிப் படுக்கவைப்பது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார். "வலிப்பு அஞ்சு நிமிஷம் தொட்டா மருந்தை அடிங்க, உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. இது உங்க ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்சா போதாது. இவ பக்கத்துல யாரெல்லாம் இருக்காங்களோ, அவங்க எல்லாருக்கும் தெரியணும்."

அண்ணன் கடைக்குத் திரும்பியதும் சட்டையைக்கூட மாற்றவில்லை. முன்மேசையை ஓரம் தள்ளி, தரையில் துவைத்த போர்வைகளை விரித்து, "எல்லாரும் ஒரு நிமிஷம் வாங்க!" என்று தெருவைப் பார்த்துக் கூவினான். தயங்கித் தயங்கி வந்தார்கள். தையல்கார மாமா ஒரு கரண்டியோடு வந்தார்.

"கரண்டி எதுக்கு மாமா?" என்றாள் அண்ணி.

"வாயில வைக்கணும்பாங்களே!"

"வாயில ஒண்ணும் வைக்கக் கூடாதாம். அவ வாய்க்குக் கரண்டியும் பத்தாது."

ஒத்திகைக்காக வலிப்பு வந்தவள்போலப் போர்வைமேல் ஒருக்களித்துப் படுத்திருந்த வாயாடி ஒற்றைக் கண்ணைத் திறந்தாள். "பேச்சை விட்டுட்டு மணியைப் பாருங்க. நான் இங்க துடிச்சுக்கிட்டு இருக்கேன்."

மாமா கரண்டியை இடுப்பில் செருகிக்கொண்டு, அளவு எடுக்கிற கவனத்தோடு அவள் தலைக்குக் கீழே துணியை மடித்து வைத்தார். காலரைத் தளர்த்தினார். "இப்படியா தம்பி? இப்படியா? எங்க மேல நம்பிக்கை இல்லாம இத்தனை நாள் சும்மா இருந்துட்டியேடா."

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாசல்வரை நின்ற கூட்டத்தைப் பார்த்தான்.

"அடுத்தது யாரு, வாங்க!"