வட்டம் போடாத வண்டி

பொழுது விடியுமுன்பே கார் பானட்டின் மேல் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தேன். உப்புத்தாள் பெயிண்டை மட்டுமா தேய்க்கிறது? என் விரல்களில் ரேகை அழிந்து பல வருஷமாகிறது. விரல் வைத்துத் திறக்கும் போன் என் கையை மனுஷக் கையாகவே மதிப்பதில்லை. பக்கத்தில் டிங்கர் அண்ணன் கதவு விளிம்பைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் தட்டித் தட்டிக் காது பாதி போன மனிதர்.

முன்பக்கம் நொறுங்கி வந்த டாக்ஸி அது. இருபது நாளாக எங்கள் கையில் இருந்தது. காலை பத்து மணிக்கு வெளியே போயாக வேண்டும் என்பது முதலாளி உத்தரவு. ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில் எரியும் மஞ்சள் விளக்கு மட்டும் அணைய மாட்டேன் என்றது.

அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவள் எங்கள் எலக்ட்ரீஷியன். எல்லோருக்கும் ஒயரக்கா. என்ஜின் சுற்றுவதைக் கவனிக்கும் சென்சார் கெட்டுவிட்டது என்று ஸ்கேனர் காட்டியது. புதிது போட்டாள். ஸ்கேனரால் விளக்கை அழித்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் பத்து நிமிஷம் சமர்த்தாக ஓடும், பிறகு மறுபடி எரியும். மூன்று நாளாக இதே கூத்து.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடித்தவன் முன்கண்ணாடியில் சாக்பீஸால் தன் குறியைப் போட வேண்டும். டிங்கருக்குச் சாய்ந்த கோடு, எனக்குப் பெருக்கல் குறி, கடைசியாக எலக்ட்ரீஷியனின் வட்டம். வட்டம் விழுந்தால்தான் வண்டி கேட்டைத் தாண்டும். தொழிலாளிக்கு அது மரியாதை என்பார் முதலாளி.

அந்த மரியாதை என்னவென்று போன மழைக்காலத்தில் தெரிந்தது. இப்படி விளக்கை மட்டும் அழித்து அனுப்பிய ஒரு டாக்ஸி, பாலத்தின் நடுவில் என்ஜின் அணைந்து நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரி மோதி, ஓட்டியவர் செத்துப்போனார். அழிக்கச் சொன்னவர் முதலாளி. “வட்டம் யாரோடது?” என்று கேட்டவரும் அவரேதான். அப்போதிருந்த எலக்ட்ரீஷியனுக்கு அன்றே வேலை போயிற்று. பட்டறைக்குப் பின்னால் நாங்கள் குடியிருக்கும் அறைகளும் முதலாளியுடையவை. வேலை போனால் அறையும் போகும். அவன் பாயைச் சுருட்டிக்கொண்டு பெண்டாட்டி பிள்ளையோடு எங்களைக் கடந்து போனபோது, நானும் டிங்கர் அண்ணனும் தலை குனிந்து வேலை பார்த்தோம். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவன் காலி செய்த அறையில்தான் ஒயரக்காவும் அவள் மகளும் இருக்கிறார்கள்.

எட்டு மணிக்குள் டிங்கர் அண்ணன் குறியும் என் குறியும் கண்ணாடியில் விழுந்துவிட்டன. டாக்ஸிக்காரர் அதற்குள் வந்து ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்திருந்தார்.

“சின்ன லைட்டுதானேம்மா? குடுத்துடும்மா. இருபது நாளா வீட்ல மூஞ்சி குடுத்துப் பேச முடியல” என்றார். கெஞ்சல்தான் அது.

“கொஞ்சம் இருங்கண்ணே.” அக்கா ஓடும் என்ஜினுக்குள் தலையை நுழைத்திருந்தாள். “பெயிண்டரே, லைட்டப் பாத்துட்டே இரு. ஃபேன் ஓட ஆரம்பிக்கட்டும்.”

என்ஜின் சூடேறி, ரேடியேட்டர் ஃபேன் சுற்றத் தொடங்கியது. அடுத்த கணம் விளக்கு எரிந்தது.

“எரியுதுக்கா!”

“சென்சார் மேல பழியப் போட்டுட்டோம். பாவம், அது என்ன பண்ணும்?” அக்கா டார்ச் அடித்துக் காட்டினாள். நாங்கள் புதிதாக மாட்டிய முன்சட்டத்துக்கும் ஃபேனுக்கும் நடுவே ஒயர்க் கட்டு நசுங்கிக் கிடந்தது. அதைத் தள்ளிப் பிடிக்கும் கிளிப் விபத்திலேயே உடைந்துவிட்டது. அந்த இடத்தில் வெறும் டேப் சுற்றியிருந்தது. ஃபேன் அதிர, சட்டம் ஒயரை அறுத்துக்கொண்டிருந்தது. ஒயர் முழுதாக அறுந்தால் ஓடும் வண்டி அப்படியே நின்றுவிடும்.

“பம்பர், சட்டம் எல்லாம் கழட்டணும். சாயங்காலம் ஆயிடும்” என்று அவள் நிமிரவும் முதலாளி வந்து நின்றார்.

“சாயங்காலமா? விளையாடுறியா? லைட்ட அழிச்சிட்டு வட்டத்தப் போடு. மறுபடி எரிஞ்சா நாளைக்கு வரட்டும், பாத்துக்கலாம்.”

“நாளைக்கு வர்றதுக்கு ஆளு இருக்கணும் சார்.”

“பாடம் நடத்தாத. முடியலன்னா அறைச் சாவிய வெச்சிட்டுக் கெளம்பு.”

அக்கா டார்ச்சை அணைத்தாள். “எனக்குப் போக்கிடம் இல்ல சார். அது உங்களுக்கும் தெரியும். ஆனாலும் வட்டம் போட மாட்டேன்.”

முதலாளி சாக்பீஸை என் கையில் திணித்தார். “பெயிண்டர், நீ போடுறா. வட்டம் யார் போட்டா என்ன?”

ராத்திரியெல்லாம் என் இருமலைக் கேட்டுக்கொண்டு தூங்காமல் கிடக்கும் என் மனைவி நினைவுக்கு வந்தாள். அந்த அறையும் போனால் அவளை எங்கே கூட்டிப்போவேன்? வண்டியருகே போனேன். கண்ணாடியில் என் பெருக்கல் குறி வெள்ளையாகத் தெரிந்தது. “பாலத்துல நின்ன வண்டியிலயும் இது இருந்துச்சு சார்” என்றேன். தோளில் கிடந்த ஈரத்துணியை எடுத்து என் குறியை அழித்தேன். சாக்பீஸை முதலாளியின் காலடியில் வைத்தேன்.

“என்னடா சொன்னாரு?” என்று டிங்கர் அண்ணன் கத்தினார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. உள்ளங்கையால் தன் கோட்டைத் தேய்த்து அழித்தார். “டேப் சுத்துனது நான்தான் சார். கிளிப் கேட்டேன். ‘டேப்ப சுத்துடா’ன்னீங்க. சுத்தினேன். என் புத்தியச் செருப்பால அடிக்கணும்.”

“மூணு பேருக்கும் இன்னையோட வேலை கெடையாது! மத்தியானத்துக்குள்ள அறையெல்லாம் காலியாகணும்!”

டாக்ஸிக்காரர் டயரிலிருந்து எழுந்தார். “பெயிண்டரே, பாலத்துல நின்ன வண்டியும் இங்கேருந்துதான் வந்துச்சா?”

நான் தலையசைத்தேன்.

“அவன் எங்க ஸ்டாண்டு ஆளு. பக்கத்துப் பக்கத்து வண்டி எங்களுது.” அவர் கண் கலங்கிவிட்டது. முதலாளியிடம் திரும்பினார். “இந்தம்மா வட்டம் போடாம வண்டிய எடுக்க மாட்டேன். இவங்கள வெளிய தள்ளிட்டு எவன் போட்டாலும் எடுக்க மாட்டேன்.” போனை எடுத்தார். “டேய், ஸ்டாண்டுல இருக்குற அத்தன பேரையும் பட்டறைக்குக் கூட்டிட்டு வா. சும்மா நின்னா போதும். வா.”

“பூட்டு எங்கடா?” என்று கத்திக்கொண்டே முதலாளி பின்பக்க அறைகளை நோக்கி ஓடினார். அக்கா அந்தத் திசையையே பார்த்தாள். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். அவள் திரும்பும்போது கதவில் பூட்டுத் தொங்கலாம், எங்கள் கதவிலும்தான்.

“தங்கச்சி, பத்தாம் நம்பர் ஸ்பேனரக் குடு” என்றார் டிங்கர் அண்ணன். மண்டியிட்டு முதல் போல்ட்டைக் கழற்றினார். பம்பர் தளர்ந்ததும் ஒரு முனையை நான் தாங்கினேன். மறுமுனையை டாக்ஸிக்காரர் தாங்கினார். தெருமுனையில் ஹாரன் சத்தம் கேட்டது. அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்தாள்.