அறுபதைத் தாண்டாத வண்டி

கோலியனூர் தாண்டியதும் அந்த விளக்கு மறுபடியும் எரிந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால், ஸ்பீடு காட்டும் முள்ளுக்குக் கீழே, ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் அஞ்சாறு புள்ளி. மஞ்சள் வெளிச்சம்தான். ஆனந்தராஜ் பிரேக்கில் காலை வைத்தான்.

இருபது வருஷம் லாரி ஓட்டியவன் விளக்கு எரிந்தால் என்ன செய்வான்? ஓரங்கட்டுவான். அவனும் ஓரங்கட்டினான். கடைசியாக ஓட்டிய புது மாடல் லாரியிலும் இதே பெட்டி, இதே புள்ளிகள் உண்டு. புகை போகிற வழியில் இருக்கிற ஃபில்டரில் கரி அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். லாரியில் அதற்கென்றே ஒரு சுவிட்ச் வைத்திருந்தார்கள். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, சுவிட்சை அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போனால் போதும். இஞ்சின் நின்ற இடத்திலேயே உறுமி, கரியை எரித்துவிட்டு அடங்கும்.

கப்பல் மாதிரி இருக்கிற இந்தக் காரில் சுவிட்சுக்குப் பஞ்சமில்லை. சீட்டைச் சூடாக்க ஒன்று, குளிரவைக்க ஒன்று, கூரையைத் திறக்க ஒன்று, முதுகைப் பிடித்துவிடக்கூட ஒன்று இருந்தது. கரியை எரிக்கத்தான் ஒன்றையும் காணோம். எல்லாவற்றையும் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு இஞ்சினை நிறுத்தினான். இஞ்சின் அடங்கியது. ஆனால் பானெட்டுக்குள் ஃபேன் மட்டும் ஓவென்று சுற்றிக்கொண்டே இருந்தது. நிறுத்திய வண்டியில் எது ஓடுகிறது, எதற்காக ஓடுகிறது? அவனுக்கு மண்டை காய்ந்தது.

"மறுபடியுமாப்பா?" என்றாள் பின் சீட்டில் இருந்த கிருஷ்ணவேணி.

"சூடாயிடுச்சிங்கம்மா. கொஞ்சம் ஆறட்டும்."

வளவனூரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை ஆட்டி எண்ணெய் எடுக்கும் மில் வைத்திருக்கிற சீனுவாசனின் மனைவி அவள். வீடு விழுப்புரத்தில். வீட்டுக்கும் மில்லுக்கும் போய்வருவதுதான் வண்டிக்கு வேலை. இரண்டு வருஷத்துக்கு முன் பைபாஸில் அவள் இருந்த வண்டிக்கு ஒரு விபத்து. ஓட்டியவன் வேகப் பிசாசு. அன்றிலிருந்து அறுபதைத் தாண்டினால் கிருஷ்ணவேணிக்கு மூச்சு முட்டும். லாரிக்காரன் என்றால் நிதானமாக ஓட்டுவான் என்றுதான் சீனுவாசன் ஆனந்தராஜைத் தேடிப்பிடித்து வேலைக்கு வைத்தார். அவனும் அறுபதைத் தாண்டியதே இல்லை. பச்சைக் குழந்தையைத் தூக்கிப் போகிற மாதிரிதான் ஓட்டினான். அப்படியிருந்தும் வண்டி இப்படிப் படுத்தினால் அவன் என்னதான் செய்வான்?

சாயங்காலம் சீனுவாசன் அவனை மில் வாசலிலேயே நிறுத்திக்கொண்டார்.

"கம்பெனி ஒர்க்‌ஷாப்ல வுட்டா தொடச்சிக் குடுக்கறான். ஹைவேல ஓட்டுங்கன்றான். நீயும் ஓட்டிக்கினுதான் இருக்கற. அப்புறம் ஏன்யா நிக்குது? பெரிய பேஜாரா கீது. இன்னொரு வாட்டி அவள ரோட்ல நிறுத்தினா, நீ லாரிக்கே போயிடு. எனக்கு வேற வழி தெரியல."

ஆனந்தராஜ் தலையை ஆட்டினான். லாரிக்குப் போவதென்றால் நாக்பூர், இந்தூர் என்று மாசத்தில் பாதி நாள் ரோட்டில்தான். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துப் பிறந்தவள் மலர்விழி. ஒலக்கூரில் அவனுடைய வீட்டில், அவன் தோளில் போட்டுத் தட்டினால்தான் தூங்குகிறாள். அவளுக்காகத்தான் லாரியை விட்டான். அந்தக் குழந்தையை விட்டுவிட்டு மறுபடி எப்படிக் கிளம்புவது?

மறுநாள் காலையில் திண்டிவனத்தில் அந்தோணிசாமியைப் போய்ப் பார்த்தான். லாரி மெக்கானிக், கூடப் படித்தவன். ஒரு லாரிக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டிக் கதையைக் கேட்டான்.

"மச்சான், எனக்குத் தெரிஞ்சது லாரி. அத வச்சித்தான் சொல்றேன். லாரி இஞ்சினு பெருசு, மெதுவா சுத்தும். ரெண்டாயிரம் சுத்து தாண்டினாலே கத்தும். ஆனா எப்பவும் லோடு இழுத்துக்கினே கீது. அதனால அதோட புகையே நல்ல சூடு. பாதிக் கரி போற வழியிலயே எரிஞ்சிபூடும். மிச்சத்துக்குச் சுவிட்சு."

"இது?"

"இது சின்ன இஞ்சினு. நாலாயிரம் சுத்தறதுக்குன்னு செஞ்சது. நீ லாரி மாதிரி ஆயிரத்து எரநூறுல உருட்டிக்கினு போற. பின்னால இன்னா லோடு? ஒரு அம்மா. புகை சூடே ஏறல. கரி எப்பிடி எரியும்?"

"சூடு ஆவுதேடா! ஃபேன் சுத்துதே!"

"அதான், அது எரிக்க ஆரம்பிக்குது. நீ ஜல்தியா நிறுத்திடற. பாதியில அணைச்ச அடுப்பு மாதிரி, கரி அப்படியே நின்னுடுது. லைட்டு வந்தா நிறுத்தாத. கியரக் கொறச்சி, எம்பது தொண்ணூறுல இருவது நிமிஷம் வுடு."

"உறுதியாத் தெரியுமா?"

"உறுதியான்னா..." அந்தோணிசாமி மூக்கைச் சொறிந்தான். மூக்கில் கிரீஸ் ஒட்டியது. "சொல்லிக்கினாங்க."

ஆனந்தராஜ் போனதைவிட அதிகமாகக் குழம்பித் திரும்பினான். விளக்கு எரிந்தால் நிறுத்து என்று இருபது வருஷமாகக் கால் பழகியிருக்கிறது. இவன் என்னடாவென்றால் எரிந்தால் மிதி என்கிறான். லாரியில் சூடு எமன், இதில் சூடுதான் மருந்து. இரண்டிலும் டீசல்தான், ஃபில்டர்தான், கரிதான். ஒன்று நின்றால் சரியாகும், இன்னொன்று ஓடினால் சரியாகும் என்றால் யாரிடம் போய் நியாயம் கேட்பது? சரி, ஓட்டலாம் என்றே வைத்துக்கொள்வோம். பின் சீட்டில் இருக்கிற அம்மாவை என்ன செய்வது?

அந்த வாரமே அந்தக் கேள்வி எதிரே வந்து நின்றது. கிருஷ்ணவேணிக்குத் திண்டிவனத்தில் தங்கை வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் விளக்கு எரிந்தது. கால் தானாக பிரேக்குக்குப் போனது. இழுத்துப் பிடித்துக்கொண்டான்.

"அம்மா, லைட்டு வந்துடுச்சிங்க. நிறுத்தக் கூடாதாம். வேகமா ஓட்டினா அணைஞ்சிடுமாம். மெக்கானிக்கு சொன்னான். நெசமா பொய்யான்னு எனக்குத் தெரியலங்கம்மா."

"எவ்ளோ வேகம்?"

"எம்பது, தொண்ணூறு. இருவது நிமிஷம்."

அவள் ஸ்பீடு காட்டும் முள்ளை எட்டிப் பார்த்தாள். "நின்னா அவரு உன்ன அனுப்பிடுவாரு இல்ல?"

"ஆமாங்கம்மா."

"போ."

எழுபது. எழுபத்தைந்து. கண்ணாடியில் பார்த்தான். கண்ணை இறுக மூடி, முன் சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உதட்டுக்குள் ஏதோ சாமி பேரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். எண்பது. பக்கத்தில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்தது.

"நிறுத்துப்பா! ஐயோ, நிறுத்துப்பா!"

விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. இப்போது நிறுத்தினால் இன்றோடு வேலை போயிற்று என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் குரலைக் கேட்டுவிட்டு எப்படி மிதிப்பது? வேகத்தைக் குறைத்து, ஓரத்தில் ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தினான். இஞ்சினை மட்டும் அணைக்கவில்லை.

கதவைத் திறந்து இறங்கிய கிருஷ்ணவேணி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்தாள். முகம் வெளுத்திருந்தது. உறுமிக்கொண்டிருந்த வண்டியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"நான் இங்கயே குந்திக்கினு இருக்கேன். நீ போய் ஓட்டிட்டு வா."

"உங்கள ரோட்ல வுட்டுட்டா? மொதலாளி போன் பண்ணா?"

"நான் பேசிக்கறேன். போய்யா, இஞ்சின் நின்னுடப்போவுது!"

அவன் போனான். கியரை இறக்கினான். இஞ்சின் லாரியில் கேட்டறியாத ஒரு குரலில் பாடியது. மூவாயிரம் சுத்து. இருபது வருஷத்துப் பயமெல்லாம் ஒன்றுகூடி நிறுத்துடா என்று கத்தியது. கூட்டேரிப்பட்டு போனது. கருகல் வாசனை வந்தது. வண்டியே தீப்பிடிக்கப்போகிறதோ, நம்பி இறங்கிய அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது, வண்டியோடு ஓடிவிட்டான் என்பார்களோ என்று கண்டபடி ஓடியது புத்தி. திண்டிவனம் மேம்பாலம் தெரிகிற இடத்தில் பார்த்தபோது பெட்டியும் இல்லை, புள்ளிகளும் இல்லை. எப்போது அணைந்தது என்றே தெரியவில்லை. கண்ணாடியை நகத்தால் தட்டிப் பார்த்தான். அணைந்துதான் இருந்தது.

திரும்பி வந்தபோது டீக்கடைக்கார அம்மா பொன்னி கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். "நல்லா பாத்து வச்சிங்க டிரைவர! உங்கள பாதியில எறக்கி வுட்டுட்டு காத்து வாங்கப் பூட்டான். போலீசுக்கு சொல்லலாமான்னு கேக்கறேன், சிரிச்சிக்கினு மல்லாட்டை துன்றீங்க!"

கிருஷ்ணவேணி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, டிரைவர் பக்கத்து ஜன்னலில் தலையை நுழைத்து உள்ளே பார்த்தாள். இடமும் வலமுமாக அந்த மஞ்சள் விளக்கைத் தேடினாள், காணவில்லை. அப்போது அவளுடைய போன் அடித்தது. சீனுவாசனின் குரல் வெளியிலேயே கேட்டது.

"இன்னும் போய்ச் சேரலையாமே? உன் தங்கச்சி போன் பண்ணா. வண்டி நின்னுடுச்சா?"

கிருஷ்ணவேணி ஆனந்தராஜைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"வண்டி நிக்கல. நான்தான் எறங்கிக்கினேன்."

"நீ எறங்கினியா? எதுக்கு?"

"அது ஓடறதுக்கு. உங்களுக்குச் சொன்னா புரியாது, எனக்கே புரியல. இனிமே லைட்டு வந்தா நான் எறங்கிப்பேன், ஆனந்தராஜ் ஓட்டிட்டு வந்து ஏத்திக்குவாரு. அவர எங்கயும் அனுப்பாதீங்க."

போனை வைத்துவிட்டு அவள் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ஆனந்தராஜுக்கு ரோடு மங்கலாகத் தெரிந்தது. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் வண்டியை எடுத்தான்.