உட்கார்ந்துவிட்டுப் போ

ட்ராம் நிற்கிறது, ரயில் நிலையத்து நிறுத்தத்தில்தான் நிற்கிறது, ஆனாலும் கதவு திறக்கவில்லை, வெளியே ஏறக் காத்திருப்பவர்கள் கண்ணாடியைத் தட்டுகிறார்கள், உள்ளே அத்தனை ஜனம் இருந்தும் ஒரு சத்தமில்லை, நின்று வந்தவர்கள்கூட இருவர் இருக்கையில் மூவராய் ஒடுங்கிக்கொண்டார்கள், ஒருவர் தன் உருளைக்கிழங்கு மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டார், என் பக்கத்தில் மடியில் பெட்டியோடு லீதா, அவளுக்கு அந்தப் பக்கம் அவள் அம்மா தமாரா அத்தை, இந்த ட்ராமை ஓட்டுகிறவளே அத்தைதான், ஓட்டுகிற இடத்தை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது, அப்பா வேலை பார்த்த நெய்வேலி அனல்மின் நிலையத்துக்கு வந்திருந்த ரஷ்யர்களின் பிள்ளைகளோடு விளையாடிப் பொறுக்கிய மொழி என்னுடையது, அதை ஒழுங்காகப் படித்து வா என்று ஒரு கோடைக்காலம் ரஷ்யாவில் வரோனெஷ் நகரத்துக்கு அனுப்பினார்கள், விடுதியில் வெள்ளையடித்துக்கொண்டிருந்ததால் எங்களை ஆளுக்கொரு வீட்டில் தங்கவைத்தார்கள், எனக்கு வாய்த்தது தமாரா அத்தை வீடு, இரண்டே அறை, ஜன்னலோரம் ஒரு தொட்டி, அதில் சோம்பு இலை மாதிரி ஒரு கீரை, அதைக் கிள்ளிக் கிள்ளி எல்லாவற்றின் மேலும் தூவுவாள், சாப்பிடுடி, உங்க ஊர்ல உனக்குச் சோறே போடலையா, என்று என் தட்டை மறுபடி நிறைப்பாள், லீதா என் வயதுக்காரி, அம்மாவை மாமா மாமா என்று கூப்பிடுவாள், அவர்கள் மொழியில் அம்மாவுக்கு அதுதான் வார்த்தை, தெரிந்திருந்தும் ஒவ்வொரு தடவையும் வேட்டி கட்டிய ஒருவர் வரப்போகிறார் என்று என் கண் வாசலுக்குப் போய்வரும், ஒரு சனிக்கிழமை நானும் லீதாவும் பக்கத்து ஊர் பார்க்கக் கிளம்புகிறோம், பையைத் தோளில் மாட்டியாயிற்று, அத்தை ஓடிவந்து, உட்காருங்கடி ரெண்டு பேரும், என்கிறாள், நம் பக்கத்தில் கிளம்புகிற நேரம் தலை இடித்தாலோ யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டாலோதானே உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொல்வார்கள், என்ன தடையோ என்று நானே அடுப்படிக்குப் போய் ஆளுக்கொரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன், போற பயணம் நல்லபடியா இருக்கணும்னு கொஞ்ச நேரம் பேசாம உட்கார்றதுடி இது, இவ தண்ணி தர்றா பாரு, என்று சிரித்து, சிரித்துக்கொண்டே குடித்து, அத்தைக்குப் புரையேறிவிட்டது.

ஆகஸ்டில் அந்தச் சிரிப்பு போயிற்று, சைபீரியாவில் புது ரயில் பாதை போடும் வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்து நின்றாள் லீதா, அத்தைக்கு இருப்பது அவள் ஒருத்தி, அவள் அப்பாவும் இப்படித்தான் வடக்கே வேலைக்கென்று போய் அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டார், அந்த ஆளையும் உட்கார வச்சுத்தான் அனுப்பினேன், வந்தாரா, உனக்கு நான் உட்கார மாட்டேன், உட்காராம நீ எப்படிப் போறேன்னு பாக்கறேன், என்றாள் அத்தை, மாமா, நான் அப்பா இல்ல, என்றாள் இவள், அதோடு பேச்சு நின்றது, சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே இருந்துகொண்டு, உப்பை அவகிட்ட குடுக்கச் சொல்லு, என்று என்னிடம் சொல்கிறார்கள், நான் உப்பைத் தள்ளித் தள்ளிக் கை ஓய்கிறேன், புறப்படுகிற அன்று அத்தை எங்களுக்கு முன்னே எழுந்து வேலைக்குப் போய்விட்டிருந்தாள், லீதா வெறும் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், நான் உட்காரட்டுமா என்றேன், நீ உட்கார்ந்தா செல்லாதுடி, என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு பெட்டியைத் தூக்கினாள், தெருவுக்கு வந்தும் வருகிற ட்ராமையெல்லாம் போகவிடுகிறாள், ரயில் போயிடும்டி என்கிறேன், இரு என்கிறாள், கடைசியில் அத்தை ஓட்டுகிற வண்டி வந்தது, ஏறினோம், கண்ணாடியில் எங்களைப் பார்த்தாள், பார்க்காத மாதிரி ஓட்டினாள்.

நிலையம் வந்து வண்டி நின்றது, கதவு மட்டும் திறக்கவில்லை, கதவைத் திற தாயே, ஷிஃப்டுக்கு நேரமாச்சு, உள்ள தூங்கறியா, என்று தொப்பி போட்ட ஒருவர் கத்தினார், அத்தை எழுந்து வந்தாள், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து லீதாவின் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள், கூடைக்காரி ஒருத்தி லீதாவின் மடியில் இருந்த பெட்டியைப் பார்த்தாள், தொப்பிக்காரரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள், வாயை மூடும் ஐயா, பொண்ணு தூர தேசம் போகுது, உட்காரும், என்றாள், அவர் உட்கார்ந்தார், அப்புறம் எல்லோரும் உட்கார்ந்தார்கள், அப்படித்தான் வந்தது அந்த மௌனம், வீட்டுப் பெரியவர் எழுந்த பிறகுதான் போகிறவள் எழவேண்டும் என்பது அவர்கள் வழக்கம், அத்தை எழவில்லை, லீதாவின் விரல்களைத் தன் கைக்குள் வைத்து அழுத்திக்கொண்டிருக்கிறாள், தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, இரும்மா, நிதானமா இரு, ரொட்டி ஆலை எங்கயும் ஓடிடாது, என்று மெல்லச் சொன்னார், அப்போதுதான் அத்தை எழுந்தாள், கூடவே மொத்த வண்டியும் எழுந்தது, லீதாவின் கழுத்துப் பொத்தானை அந்த வெயிலில் போட்டுவிட்டாள், அங்க குளிரும்டி, சரி இறங்கு, ரயிலை விட்டுட்டு என்னைக் குத்தம் சொல்லாத.

கதவு திறந்து மூடியது, லீதா வெளியே நின்று கையாட்டி ஆட்டிச் சின்னதாகிப் போனாள், அத்தை ஒலிபெருக்கியை எடுத்து, அடுத்த நிறுத்தம், என்றாள், பாதியில் நிறுத்திவிட்டாள், வருஷக்கணக்காக ஓட்டுகிற தடம், பெயர் வரவில்லை, அடுத்த நிறுத்தம், என்றாள் மறுபடி, ரொட்டி ஆலை, தாயே, என்றார் தொப்பிக்காரர், ரொட்டி ஆலை, என்றாள் கூடைக்காரி, அப்புறம் வண்டியே சொன்னது, நானும் சொன்னேன், என் கோணல் உச்சரிப்பைக் கேட்டு அத்தை அழுதபடியே சிரித்துவிட்டாள், இப்போதெல்லாம், வயதாகிவிட்டதில், எனக்கும் பெயர்கள் வருவதில்லை, எதிரில் நிற்கிற பிள்ளையின் பெயரே தொண்டையில் நின்றுகொள்கிறது, நான் பதறுவதில்லை, வாயைத் திறந்தபடி சற்று நிற்கிறேன், ட்ராம் வருகிறது, கதவெல்லாம் திறந்து கிடக்க, உள்ளே வெயிலும் ரொட்டி வாசனையுமாக, நான் மறந்த பெயரை அத்தனை பேரும் சேர்ந்து சத்தமாகச் சொல்லிக்கொண்டு.