கட்டிலில் எந்தப் பக்கம்

1

இந்தக் கதை ஒரு கூலி வேலையிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். குடியேற்ற வழக்குகள் நடத்தும் ஒரு சட்ட அலுவலகம், தன் இணையதளத்தில் போட வக்கீலம்மாவைப் பற்றி நாலு வரி கேட்டது. படிப்பு, அனுபவம், சாதனை. சிரித்த முகப் புகைப்படம் அவர்களிடமே தயாராக இருந்தது.

எழுதிக்கொண்டு போனேன். 'பிரிந்த குடும்பங்களைச் சேர்த்துவைப்பதையே வாழ்நாள் பணியாகக் கொண்டவர்' என்று முடித்திருந்தேன். வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அந்தக் கடைசி வரிய எடுத்துடுங்க."

"ஏங்க, நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இருக்கு. அதுக்காகத்தான் எடுக்கச் சொல்றேன்."

அந்த வரியை எடுத்த இடத்தில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் வக்கீலம்மா தன்

(வேண்டாம். எனக்குத் தொடக்கம் வராதபோதெல்லாம் மழை பெய்யும்.)

அவர் எடுத்த எடுப்பிலேயே வக்கீல் ஆகிவிடவில்லை. முதலில் குடியேற்ற அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர். அதிகாரிக்கும் விண்ணப்பித்தவருக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. இங்கே சொன்னதை அங்கே சொல்ல வேண்டும், சொந்த வார்த்தை ஒன்றுகூட வாயிலிருந்து வந்துவிடக் கூடாது. ஒருநாள் ஒருவர் தனக்கு இரண்டு தம்பிகள் என்றார். முந்தைய விசாரணையில் மூன்று என்று சொல்லியிருந்தார். முரண்பட்ட பதில், விண்ணப்பம் தள்ளுபடி. நடுவில் ஒரு தம்பி இறந்துபோனதை அவர் வெளியே படிக்கட்டில் வைத்துத்தான் சொன்னார். உள்ளே யாரும் அதைக் கேட்கவில்லை, கேட்காததை மொழிபெயர்க்க முடியாது.

அந்த ஆத்திரத்தில் மாலைநேரச் சட்டக் கல்லூரியில் சேர்ந்தார். பதிலும் பதிலும் ஒத்துப்போக வேண்டும் என்ற பாடத்தை மட்டும் பட்டம் வாங்குமுன்பே கற்றிருந்தார்.

3

பல வருடம் கழித்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். (கணவனைக் கொஞ்சம் பொல்லாதவனாக எழுதிப் பார்த்தேன், கதைக்கு வசதியாக இருந்தது. ஆனால் அவன் அப்படியில்லையாம். விட்டுவிட்டேன்.) மனைவிக்குக் குடியுரிமை உண்டு, அவனுக்கு இல்லை. கல்யாணம் நிஜமா, விசாவுக்காகச் செய்துகொண்டதா என்று அதிகாரிகள் இருவரையும் தனித்தனியே கேட்பார்கள். வக்கீலம்மா அதற்குத் தன் அறையிலேயே ஒத்திகை வைப்பது வழக்கம். ஒருவர் உள்ளே, மற்றவர் வெளியே பெஞ்சில்.

"உங்க வீட்டுக்காரர் கட்டில்ல எந்தப் பக்கம் படுப்பார்?"

மனைவி சுவர்ப்பக்கம் என்றாள். கணவன் ஜன்னல்பக்கம் என்றான். சேர்த்து உட்காரவைத்ததும் சண்டை மூண்டது.

"தினமும் என் கண்ணால பாக்கிறேன். சுவத்த ஒட்டித்தான் கிடப்பீங்க!"

"நான் வேலை முடிஞ்சு வரும்போது அங்க நீதானே தூங்கிட்டிருப்ப? உன் மேலயா படுக்க முடியும்?"

வக்கீலம்மா சிரித்தேவிட்டார். துருவிக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. அவள் விடியுமுன் வேலைக்குக் கிளம்புகிறவள். அவள் எழுந்து குளிக்கப் போனதும் அவன் அரைத்தூக்கத்தில் உருண்டு அவள் இடத்துக்குப் போய்விடுவான்.

"அங்க எதுக்கு உருளுறீங்க?" என்றாள் மனைவி.

"அங்கதான் கதகதப்பா இருக்கும்," என்றான், தலையைக் குனிந்துகொண்டு.

வக்கீலம்மா கடிகாரத்தைப் பார்த்தார். "இதையெல்லாம் அங்க விளக்கிட்டிருக்க முடியாது. ரெண்டு பேருமே ஜன்னல்னு சொல்லிடுங்க."

டூத்பிரஷின் நிறம், திரைச்சீலை, கடைசியாகப் போட்ட சண்டை எல்லாவற்றையும் இஸ்திரி போட்டதுபோல் நேராக்கி அனுப்பினார்.

4

நேர்காணலில் ஒரு பதில்கூடப் பிசகவில்லை. அதுவே வினையாகப் போயிற்று. சொல்லிவைத்த மாதிரி ஒரே வார்த்தைகளில் பதில் சொல்கிறார்கள், இது பொய்க் கல்யாணம் என்று எழுதிவிட்டார் அதிகாரி. கணவனை விமானம் ஏற்றி அனுப்பினார்கள்.

(இங்கே 'வக்கீலம்மா விம்மி அழுதார்' என்று எழுதியிருந்தேன். "நான் அழல. அழுதது அவங்க. நான் தண்ணி எடுத்துக் கொடுத்தேன்" என்று திருத்தினார்.)

(அடித்ததையும் திருத்தியதையும் நான் ஏன் இப்படியே விட்டிருக்கிறேன் என்று இப்போது புரிந்திருக்கும். பிசிறில்லாமல் சொன்னால் நீங்களும் நம்பாமல் போய்விடுவீர்களோ என்று பயம்.)

அதற்குப் பிறகு அவர் யாருக்கும் ஒத்திகை வைப்பதில்லை. "தெரிஞ்சதச் சொல்லுங்க. தெரியலன்னா தெரியலன்னே சொல்லுங்க." அவ்வளவுதான்.

5

மேல்முறையீடு இழுத்துக்கொண்டே போய், வருடங்கள் கழித்து மறுவிசாரணை கிடைத்தது. இந்த முறை மனைவி மட்டும். இதிலும் தோற்றால் கணவன் திரும்பி வரவே வழியில்லை. வக்கீலம்மா பக்கத்தில் உட்காரலாம், ஆனால் கேள்வி முடியும்வரை வாய் திறக்கக் கூடாது. மறுபடி அந்தப் பழைய பிளாஸ்டிக் நாற்காலிதான்.

அதிகாரி புதியவர். கேள்வி பழையது.

முடிவு ஒன்று: அவள் அந்தக் கதகதப்பைச் சொல்கிறாள், அதிகாரி நெகிழ்ந்துபோய்

(எனக்கும் ஆசைதான்.)

முடிவு இரண்டு: பழைய மனப்பாடம் வாயில் வந்து 'ஜன்னல்' என்று

(இதுவும் இல்லை.)

நடந்தது இதுதான்.

"மறந்துபோச்சுங்க," என்றாள். "நான் இப்பல்லாம் நடுவுல படுத்துக்கிறேன்."

அன்று ஜன்னல் ஜன்னல் என்று சொல்லிச் சொல்லி, நிஜத்தை அவள் நினைவிலிருந்து அழித்தது தானேதான் என்று வக்கீலம்மாவுக்குத் தோன்றியது. அவள் மறந்தது அவருக்கு அப்படியே நினைவிருந்தது. சொல் நாக்கு நுனிவரை வந்தது. வாயைத் திறந்தால் இதுவும் சொல்லிக்கொடுத்த பதில் ஆகிவிடும். கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதிகாரி பேனாவை எடுத்தார். இதற்குமேல் எனக்கு எழுத வரவில்லை. தீர்ப்பு என்ன என்று வக்கீலம்மாவிடம் நான் கேட்கவுமில்லை, கேட்கத் தைரியமில்லை. கொஞ்சம் எழுந்து வந்து அந்த அதிகாரியின் நாற்காலியில் உட்காருங்கள். அவருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியும். எதிரே ஒரு பெண், புருஷன் எந்தப் பக்கம் படுப்பான் என்பதை மறந்துபோனவள், பதிலுக்காக உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அவளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறதா, இல்லையா? எழுதுங்கள்.