நான்காவது கண்ணாடி

பஸ் டெப்போவில் டிரைவரான அவருக்குப் பட்டப்பெயர் பகல்ராஜா. கல்யாணமான நாளிலிருந்து இரவுப் பேருந்தைத் தொட்டதில்லை. "பொண்டாட்டிய ராத்திரியில தனியா விட்டுட்டு வர மனசு கேக்கல" என்பார். அதில் அவர் மனைவிக்கு இருந்த பெருமையை எடைக்குப் போட்டால் தராசு முறிந்துவிடும். அக்கா தங்கைகளின் கணவன்மாரெல்லாம் இவர் பெயரைக் கேட்டாலே பல்லைக் கடிக்குமளவுக்குச் சொல்லித் தீர்த்திருந்தாள்.

உண்மை வேறு. பொழுது சாய்ந்தால் பகல்ராஜாவுக்குக் கண் தெரியாது. ஆரம்பத்தில் மங்கல்தான். இப்போதோ, இருட்டில் எதிரே யானை நின்றாலும் அது தும்மினால்தான் தெரியும்.

யாருக்கு எந்த வண்டி என்று டெப்போவில் பிரித்துக் கொடுப்பவர் மனைவியின் அண்ணன். அன்று குடும்பத்தோடு மிருகக்காட்சிசாலைக்குப் போயிருந்தபோது, நடந்துகொண்டே சொன்னார்: "மாப்ள, நாளையிலேர்ந்து மலைப்பாதை ராத்திரி வண்டி உங்களுக்குத்தான். வேற ஆள் இல்ல. எந்தங்கச்சிய யாரும் தூக்கிட்டுப் போயிட மாட்டாங்க."

அந்த மலைப்பாதையில் பாம்பு போனாலும் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். வண்டி நிறைய ஜனம் தூங்கிக்கொண்டு வரும். கண் விஷயத்தைச் சொன்னாலோ பகல் வண்டியும் பறிபோகும். வேறு தொழில் தெரியாது. பகல்ராஜாவின் வாய் மட்டும், "சரி மச்சான்" என்றது.

அடுத்து வந்தது இரவுக்கூடம். இரவில் விளக்கெரித்து மிருகங்களைத் தூங்கவைத்து, பகலில் இருட்டாக்கி விழிக்கவைக்கும் கட்டடம். பகல்ராஜா வாசல் பலகையிலிருந்த படங்களைப் பரீட்சைக்குப் போகிறவர்போல் வரிசையாக மனப்பாடம் செய்துகொண்டார். வௌவால், ஆந்தை, முள்ளம்பன்றி, தேவாங்கு.

உள்ளே இருட்டென்றால் இருட்டு, வெட்டியெடுத்தால் ஊரிலுள்ள அத்தனை சினிமாக் கொட்டகைக்கும் பங்கு வைக்கலாம். மற்றவர்களுக்கு அங்கிருந்த மங்கிய நீல விளக்கு போதும்; அவர் கம்பியைத் தடவிக்கொண்டே நடந்தார். முதல் கண்ணாடியில், "எப்படித் தொங்குது பாரு" என்றார். இரண்டாவதில், "தலையத் திருப்புது" என்றார். மூன்றாவதில் முள்ளைப் புகழ்ந்தார். எல்லாம் சரியாகவே பொருந்தின. தைரியம் ஏறிவிட்டது. நான்காவதில் யாரும் வாய் திறப்பதற்குள் முந்திக்கொண்டார்.

"அடேயப்பா, என்னா முழி."

கண்ணாடிக்குப் பின்னால் ஒரு விளக்குமாறும் வாளியும் இருந்தன. தேவாங்கு சிகிச்சைக்குப் போயிருப்பதாக ஒரு அட்டை தொங்கியது.

அண்ணன் சிரித்தார். "கண்ணாடியில தெரியுற எந்தங்கச்சியத்தானே சொல்றீங்க?"

பகல்ராஜாவும் சேர்ந்து சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. கையைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே மெல்ல ஆட்டினாள். விரல்கள் மூக்கைத் தொடாத குறைதான். அவர் வாளியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணா, அந்த ராத்திரி வண்டிய வேற யாருக்காவது குடு."

"பாத்தீங்களா மாப்ள, இன்னும் புதுப்பொண்ணுன்னு நெனப்பு."

"அவருக்குக் கண்ணு தெரியல."

அண்ணன் வாளியையும் பகல்ராஜாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தெரிஞ்சப்புறம் பகல் வண்டியும் என்னால குடுக்க முடியாதும்மா" என்றார் அண்ணன்.

"தெரியும்."

அவள் பகல்ராஜாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். "இத்தன வருஷமா ராத்திரியானா வீட்டுக்கு வந்தது இதுக்குத்தானா?" என்று கேட்டாள்.

கதவு திறந்தது. வெயில் முகத்தில் அடித்தது. அவள் கையை விட்டாள்.

"வெளிச்சம் வந்துடுச்சு. நடங்க."

திரும்பிப் பார்க்காமல் போனாள். வாசல்வரை அவள் போவது அவருக்கு நன்றாகத் தெரிந்தது.